இறங்கி நடக்கும் வீதி

நடந்த கதையைச் சொல்வதற்கு முன்னால் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிட வேண்டும். வரிசை மாறினால் அநியாயம் செய்தவனுக்குத்தான் சௌகரியம்.

ஒன்று. 1951ஆம் வருஷம் எங்கள் மலையாங்குறிச்சிக்கு முதல் சைக்கிள் வந்தது. அது வந்த மாதத்திலேயே, கிழக்குத் தெருக்காரன் எவனும் பெரிய வீதியில் சைக்கிள் மேல் உட்கார்ந்து போகக் கூடாது, முனையில் இறங்கி, செருப்பைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டி, மறுமுனை வரை தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும் என்ற சட்டமும் வந்தது. அப்போது கிழக்குத் தெருவில் ஒருவனிடமும் சைக்கிள் கிடையாது. இல்லாத வண்டிக்கு முன்கூட்டியே சட்டம் போடும் அளவுக்குத் தொலைநோக்கு உள்ளவர்கள் பெரிய வீதிக்காரர்கள்.

இரண்டு. 1969இல் எங்கள் அண்ணன்மார்கள் நகராட்சிக்கு மனு கொடுத்தார்கள். அப்படி ஒரு வழக்கம் இந்த ஊரில் இல்லை, இல்லாத வழக்கத்தைத் தடை செய்ய விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கொண்டுவந்த பியூன் எங்கள் தெருக்காரர். அவர் பெரிய வீதி முனையில் இறங்கி, பதிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்து சேர்ந்தார்.

மூன்று. 1978 பங்குனி. எங்கள் தெருவைச் சேர்ந்த மில் தொழிலாளி ஒருவர் பெரிய வீதியில் இறங்கவில்லை. ஒன்பதாவது வீட்டு வாசலில் அவரைக் கீழே இழுத்துப் போட்டார்கள். தலை படிக்கல்லில் மோதியது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அடையாளம் தெரியாத ஆண், சைக்கிளிலிருந்து தவறி விழுந்தார் என்று போலீஸ் எழுதியது. வீதியில் நின்ற நூறு பேரும் தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள்.

நான்கு. சுடுகாட்டுப் பதிவேட்டில் பெயர் என்ற கட்டத்துக்குள் நகராட்சி ஒரு கோடு போட்டது. அவ்வளவு நேரான கோட்டை அந்த அலுவலகம் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. அவர்கள் போட்ட சாக்கடையை வந்து பார்த்தால் தெரியும்.

ஐந்து. ஐந்தாவது இங்கேதான் வர வேண்டும். அதற்கான இடத்தை மட்டும் இப்போது விட்டுவைக்கிறேன்.

ஆறு. இந்த வருஷம் வசந்தம் பிறந்ததும் பெரிய வீதிக்காரர்கள் உடம்பைக் குறைப்பதற்காகச் சைக்கிள் ஓட்டக் கிளம்பினார்கள்.

எங்கள் ஊர் மலைக்கு அடியில் இருப்பதால் ஐப்பசியில் பிடிக்கும் மழை மார்கழி வரை விடாது, மழை விட்டால் பனி பிடிக்கும், பனி விலக மாசி முடிய வேண்டும். அந்த நாலைந்து மாதமும் பெரிய வீதியின் மாடிகளில் பெரிய மனிதர்கள் நகராத சைக்கிளில் ஏறி உட்கார்ந்து டிவியைப் பார்த்தபடி மிதித்துக்கொண்டிருந்தார்கள். முப்பது கிலோமீட்டர் போய்விட்டதாக அதிலிருந்த பெட்டி காட்டியது. அதை நம்பி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பிறகு வேம்பு பூத்தது, புங்கமரங்கள் இலை மாற்றின, குளத்துக் கரையில் வெயில் இதமாக விழுந்தது. மாடிப்படிக்குக் கீழே தூசி பிடித்துக் கிடந்த நிஜ சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து சூசையின் கடை வாசலில் வரிசை கட்டி நின்றன.

சூசைதான் ஊரில் மிச்சமிருக்கும் ஒரே சைக்கிள் கடைக்காரர். சங்கிலியில் துரு, டயரில் வெடிப்பு, பிரேக் கட்டையில் பல்லி முட்டை. எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டு அனுப்பினார். வசந்த மிதிவண்டிக் கழகம் என்று ஒன்று உருவானது. அதன் தலைவர் ஒன்பதாவது வீட்டுத் திருமலைக்கொழுந்து, ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், ஊருக்குக் கொழுந்து சார். முதல் வாரம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, தண்ணீர் பாட்டில் இல்லாமல் கிளம்பக் கூடாது என்று அவர் அச்சடித்துக் கொடுத்தார். வசந்தத்தில் சைக்கிள் ஏறினால் மனசு இருபது வயசுக்குத் திரும்பிவிடும் என்று தொடக்க விழாவில் பேசினார். அவருக்கு இருபது வயசாக இருந்தபோது அவர் வீட்டு வாசலில் நடந்தது எனக்கும் ஞாபகம் இருந்தது.

பங்குனி முதல் தேதி காலை ஆறு மணிக்குப் பதினொரு பேர், தொடையோடு ஒட்டிய அரைக்கால் சட்டையும் தலையில் பூசணிக்கீற்று மாதிரி ஹெல்மெட்டுமாகக் கிளம்பி, குளத்துக் கரையைச் சுற்றி ஏழு மணிக்குத் திரும்பி வந்தபோது, பெரிய வீதியின் கீழ்முனையில், மின்கம்பத்துக்கு நேராக, பதினொரு சைக்கிளும் நின்றன. பிரேக் பிடிக்கவில்லை, சங்கிலி கழலவில்லை, காற்றும் இறங்கவில்லை. ஆள் மேலே இருந்தால் சக்கரம் சுற்றாது. இறங்கித் தள்ளினால் வெண்ணெய் மாதிரி உருளும். மறுபடி ஏறினால் மறுபடி நிற்கும். அவர்கள் இறங்கினார்கள். தள்ளிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்க் குளித்து டிபன் சாப்பிட்டார்கள்.

முதல் நாள் பழியை சூசையின் எண்ணெய் மேல் போட்டார்கள். இரண்டாம் நாள் தார் மேல் போட்டார்கள். மூன்றாம் நாள் நகராட்சிப் பொறியாளர் வந்து மண்ணைத் தோண்டி மோந்து பார்த்துவிட்டு, பைக் ஓடுகிறது, கார் ஓடுகிறது, குப்பை வண்டி ஓடுகிறது, எனவே சாலை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான்காம் நாளிலிருந்து ஒருவரும் காரணம் கேட்கவில்லை. காரணம் கேட்காமல் இருப்பதில் எங்கள் ஊருக்கு நீண்ட பயிற்சி உண்டு.

அதன் பிறகு எல்லாம் அதனதன் ஒழுங்குக்கு வந்தது. கோயில் குருக்கள், அம்பாள் அடக்கத்தை விரும்புகிறாள் என்றார். பெண்கள் பள்ளிக்கு அரசாங்க சைக்கிளில் போகும் நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் பெரிய வீதியில் இறங்கி நடந்து தாமதமாக வந்ததால், தலைமையாசிரியை முதல் மணியைப் பத்து நிமிஷம் தள்ளி வைத்தார். மின்கம்பத்தடியில் டீக்கடை முளைத்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஏறி நின்று, இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கழகத்து டாக்டர், ஓட்டத்துக்குப் பிறகு நானூறு அடி நடப்பது இதயத்துக்கு நல்லது என்று விளக்கினார். இரண்டாவது வாரம், வெறுங்காலோடு நடந்தால் பாத நரம்புக்கு இன்னும் நல்லது என்றும் கண்டுபிடித்தார். மறுநாள் காலையில் பதினொரு பேரும் ஷூவைக் கழற்றி, கயிற்றை முடிச்சுப் போட்டு, ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி தங்கள் வீடுகளுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அந்தக் காட்சியை இதற்கு முன் எங்கே பார்த்தோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் தெருக் கிழவர்களுக்குத் தோன்றியது. அவர்கள் தினமும் காலையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்து, வாய்க்கால் பாலத்தில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஷூ மாட்டிய அன்றைக்கு ஒருவர், "துண்டையும் இடுப்புல கட்டச் சொல்லுங்கவே, முறைன்னா முழுசா இருக்கணும்லா" என்றார். ஐம்பது வருஷத்தில் எங்கள் தெரு அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அந்தச் சிரிப்பு நான்கு நாள் இருந்தது. அதன் பிறகு நகராட்சி தீர்மானம் போட்டது. பங்குனி உத்திரத்தன்று மின்கம்பத்தடியில் கருங்கல் நடப்படும், அதில் 'இறங்கி நடக்கும் வீதி. இங்கு மிதிவண்டியிலிருந்து இறங்கி நடப்பது தொன்றுதொட்டு வரும் ஆரோக்கிய மரபு' என்று பொறிக்கப்படும். 1969இல் அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று எழுதிய அதே அலுவலகம்தான்.

தீர்மானம் வந்த அன்றைக்குச் செங்கமலம் என் வீட்டுக்கு வந்தாள். பெண்கள் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். 1978இல் இறந்தவரின் ஒரே மகள். அப்பா இறந்தபோது அவளுக்கு மூன்று வயது. சைக்கிள் பக்கமே போகக் கூடாது என்று அம்மா வளர்த்ததால் ஐம்பது வயசு வரை நடந்தே போய் நடந்தே வந்தவள். என்னைச் சித்தப்பா என்பாள். உறவு கிடையாது, நானும் அவள் அப்பாவும் ஒரே ஷிப்ட்.

"கல்லு நட்டாச்சுன்னா எங்கப்பா செத்தது ஆரோக்கியத்துக்கு எதிரா ஆயிரும் சித்தப்பா" என்றாள். "எந்த ஏட்டுலயும் அவுக பேரு இல்ல. அந்தக் கல்லுக்கு முன்னால அந்தப் பேர யாராவது படிக்கணும். பெரிய வீதியில, எல்லாரும் நின்னு கேக்க."

நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை என் வழியில் நிறைவேற்றலாம் என்று நினைத்தேன். என்னை ஊரில் நோட்டீஸ் தவசி என்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது நாலாம் வகுப்பு, மீதி எல்லாம் நோட்டீஸில் படித்தது, நோட்டீஸில் எழுதியது. இந்த வீதி வேறு யாரை நிறுத்தினாலும் ஐம்பது வருஷம் தடியடி வாங்கியவனை நிறுத்தாது என்று முடிவு செய்து, 'ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தோழர் தவசி பெரிய வீதியில் சைக்கிளில் ஏறிச் செல்வார், வழக்கத்தை உடைப்பார்' என்று எழுநூறு நோட்டீஸ் அடித்தேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வருஷமாகத் தொடாத சைக்கிளை சூசையிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, வண்டிய ரெடி பண்ணிரலாம், கால யாரு ரெடி பண்ணுவா?" என்று கேட்டார்.

ஒரு வாரம் குளத்துக் கரையில் ஓட்டிப் பழகினேன். முதல் நாள் சீட்டில் உட்கார முடியவில்லை, தொடை இரண்டும் கல்லாகிவிட்டது, எதிரில் வந்த எருமைக்கு நான் ஒதுங்கினேன். நான்காம் நாள் ஏற்றம் முடிந்து இறக்கத்தில் மிதிக்காமல் விட்டபோது வேப்பம்பூ வாசம் முகத்தில் மோதியது, மலை முழுக்க இளம்பச்சையாக இருந்தது, எனக்கு எழுபத்து மூன்று வயசு என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. அதை நோட்டீஸில் எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்தது. நான் சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, கீழ்முனைக்கு வந்தேன். மின்கம்பத்துக்கு நேராக என் சைக்கிள் நின்றது. எழும்பி நின்று மிதித்தேன், முழங்காலுக்குள் பூட்டிய இரும்பு முனகியது, சக்கரம் அசையவில்லை. பாலத்தில் எங்கள் தெருக் கிழவர்கள் கடலை மெல்வதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். கொழுந்து சார் மரியாதையாக வந்து ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்ல தோழர், இறங்கி நடங்க, முட்டிக்கு நல்லது" என்றார்.

இறங்கினேன். தள்ளினேன். உருண்டது.

அந்த நானூறு அடியும் செங்கமலம் என் கூடவே நடந்து வந்தாள். ஒன்பதாவது வீட்டைத் தாண்டிய பிறகு, முன்னால் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"அன்னைக்கும் நீங்க எறங்கித்தான போனீங்க சித்தப்பா."

யார் சொன்னது என்று கேட்டேன். அம்மா சாவதற்கு முந்தைய வாரம் சொன்னதாகச் சொன்னாள். அப்போதிலிருந்து பதினாறு வருஷமாக அதைத் தெரிந்துகொண்டே எனக்குத் தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

இனி ஐந்தாவது.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர். இறங்க மாட்டோம் என்று மில் வாசலில் கையடித்துச் சத்தியம் செய்துவிட்டு ஒன்றாகக் கிளம்பினோம். கீழ்முனையில், இப்போது மின்கம்பம் இருக்கும் இடத்தில், நான் இறங்கினேன். யாரும் என்னைத் தொடவில்லை, மிரட்டவில்லை. கால் தானாக இறங்கியது. நான் இறங்கிய சத்தம் கேட்டு அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மணியை இரண்டு தடவை அடித்துவிட்டு மிதித்துக்கொண்டு போனார். ஒன்பதாவது வீட்டில் அவரை இழுத்தபோது அந்த மணி மட்டும் தெறித்து, உருண்டு, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என் காலடிக்கு வந்தது.

மில்லில் வேலைநிறுத்தம் ஏழாவது வாரம். நோட்டீஸ் எழுத வேண்டியவன் நான். பெயரைப் போட்டால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் பாதிப் பேர் நம்மை விட்டுப் போய்விடுவார்கள், இயக்கத்தில் தனி ஆள் கிடையாது என்று சங்கத்துக் கமிட்டி சொன்னது. நான் எதிர்த்துப் பேசவில்லை. பெயரைப் போட்டால், கூட யார் போனது என்ற கேள்வியும் வரும் என்பது கமிட்டிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். 'ஒரு தோழர்' என்று எழுதினேன். அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு அவர் மனைவி ஸ்டேஷனுக்குப் போய், செத்தது என் புருஷன், பெயரை எழுதுங்கள் என்று கேட்டபோது, ரைட்டர் நோட்டீஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க ஆளுகளே பேரு போடலியேம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். போலீஸ் அழித்த பெயரில் மிச்சமிருந்ததை நான் அழித்தேன்.

இதுதான் ஐந்து.

பங்குனி உத்திரத்தன்று காலை பத்து மணிக்கு மின்கம்பத்தடியில் பந்தல், நாதஸ்வரம், பட்டுத்துணி மூடிய கல். நகராட்சித் தலைவர், கழகத்தார் பதினொரு பேர் ஹெல்மெட்டோடு, பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை, சூசை, பாலத்துக் கிழவர்கள், இரண்டு தெருச் சனம். நான் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். செங்கமலம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்தாள். ஒன்பது நாளாக மதியச் சாப்பாடு முடிந்ததும் பள்ளி மைதானத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்குச் சைக்கிள் பழக்கியிருந்தார்கள். இரண்டு முழங்காலிலும் மஞ்சள் பத்து. ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். அவள் அம்மா அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றிய பித்தளை மணியை சூசை அந்த ஹாண்டில்பாரில் பூட்டிக் கொடுத்திருந்தார்.

எங்கள் பக்கம் குடத்திலும் செம்பிலும் பெயர் வெட்டி வைப்பது வழக்கம். பாத்திரத்துக்குப் பெயர் வெட்ட வந்தவரிடம் அவர் தன் சைக்கிள் மணியைக் கழற்றிக் கொடுத்து அதிலும் வெட்டிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் கேலி செய்தோம். இந்த உலகத்தில் அவர் பெயர் எழுத்தில் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான். ஐம்பது வருஷம் முன்னால் அதைக் கையில் எடுத்து அவர் மனைவியிடம் கொடுக்கும் முன்பே நான் படித்துவிட்டேன். படித்த பிறகுதான் 'ஒரு தோழர்' என்று எழுதினேன்.

நான் பேச வேண்டும் என்று கேட்டேன். கொழுந்து சார் மெதுவாக, "போட்டோ முடிஞ்சதும் பேசலாமே தோழர்" என்றார்.

செங்கமலம் சைக்கிளில் இருந்தபடியே சொன்னாள். "போட்டோ எடுங்க சார், நல்லது. நீங்க எல்லாரும் அதுல இருக்கணும். அன்னைக்கு யாருமே பாக்கலன்னு சொன்னீங்க. நீங்க மாடியில நின்னீங்கன்னு எங்கம்மா சொன்னா. இன்னைக்கு கீழ நிக்கிறீங்க, சும்மா காது குடுத்தாப் போதும்."

நாதஸ்வரம் நின்றது. கொழுந்து சார் கொஞ்ச நேரம் ஒன்பதாவது வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினார். மரியாதைக்குக் கழற்றினாரா, வேர்த்ததால் கழற்றினாரா என்று இன்று வரை எங்கள் தெருவில் விவாதம் நடக்கிறது. எப்படியோ, தலைவர் கழற்றியதைப் பார்த்து மற்றப் பத்துப் பேரும் கழற்றினார்கள்.

அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் அதற்கு இடமில்லை. அன்றைக்குச் செங்கமலம் கீழ்முனையிலிருந்து மேல்முனை வரை மிதித்துப் போனாள். ஒன்பதாவது வீட்டுக்கு எதிரில் மட்டும் வண்டி ஆடியது, விழவில்லை. அவள் பின்னால் நூற்றுச் சொச்சம் பிள்ளைகளும் மணியடித்துக்கொண்டு போனார்கள், தலைமையாசிரியை முதல் மணியைப் பழைய நேரத்துக்கே மாற்ற வேண்டியதாயிற்று. தார் இறுகியதுதான் காரணம் என்று பொறியாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கல் இப்போது சூசையின் கடையில் எழுத்துப் பக்கம் கீழாகக் கிடக்கிறது, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி அதன் மேல் ஆடாமல் நிற்கிறது. பதிவேட்டின் கோட்டை எடுத்துவிட்டுப் பெயரை எழுதச் சொல்லும் மனு, பதினேழு சாட்சிக் கையெழுத்தோடு, நகராட்சியின் பரிசீலனையில் இருக்கிறது. பதினொரு பேர் கையெழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் மட்டும் கீழ்முனை வந்தால் இப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். சக்கரம் சுற்றுகிறது. இருந்தாலும் இறங்குகிறேன்.

அது பிறகு. அப்போது நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மணியின் மேல் குனிந்தேன். செங்கமலத்தின் கால் பெடலில் தயாராக இருந்தது. பித்தளையில் வெட்டியிருந்த புள்ளிகள் தேய்ந்திருந்தன. மைக்கை சூசை என் வாய்க்கு நேராகப் பிடித்தார். அன்றைக்கு இந்த இடத்தில் இறங்கியவன் நான், கிழக்குத் தெரு மாடசாமி மகன் தவசி என்று முதலில் சொன்னேன். இறங்காதவருடைய பெயரை இங்கே நிற்கும் அத்தனை பேரும் சாட்சியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். பிறகு வாசித்தேன்:

"மலையாங்குறிச்சி, கிழக்குத் தெரு, இருளாண்டி மகன் பூவலிங்கம்."